எல்சி-எம்எஸ்: தடயவியல் ஆய்வகத்துக் கேள்விகளும் பதில்களும்

எல்சி-எம்எஸ் என்பது, மாதிரியில் கலந்திருக்கும் பொருட்களைத் திரவ ஓட்டத்தில் ஒரு குழாய் வழியே செலுத்திப் பிரிக்கும் எல்சி-யும், பிரிந்தவற்றை அயனிகளாக்கி நிறை பார்க்கும் நிறை நிறமாலைமானியான எம்எஸ்-உம் இணைந்த எந்திரம். நச்சியல் பிரிவில் இதோடு பல வருடம் பழகியவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

எம்.எஸ்சி. மாணவி: சார், எங்கள் துறையில் ஜிசி-எம்எஸ் மட்டும்தான் இருக்கிறது. தடயவியலுக்கு அது போதாதா?

ஆவியாகிற பொருள் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் வாயு ஓட்டத்தில் பிரிக்கும் ஜிசி-யில் மாதிரி வாயுவாக மாறியே தீர வேண்டும். உள்ளே செலுத்தும் இடமே 250 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் சிதைகிற மருந்துகளும், அரளியின் நச்சான கிளைகோசைடு போல ஆவியாக மறுக்கிற பெரிய மூலக்கூறுகளும் அங்கே தேறாது. எல்சி-யில் மாதிரி கரைசலாகவே போகிறது, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

அவரே: திரவத்தை எப்படி வெற்றிடத்துக்குள் அனுப்புகிறார்கள்?

நல்ல கேள்வி. பல வருடங்கள் எல்லோரையும் தடுத்து நிறுத்தியதே இதுதான். 1 மி.லி. தண்ணீர் ஆவியானால் ஒரு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். நிறை நிறமாலைமானியின் உள்ளே ஏறக்குறைய காற்றே இருக்கக் கூடாது. நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் கரைப்பான் வந்துகொண்டே இருந்தால் எந்தப் பம்பு தாங்கும்? ஓடும் பட்டையில் கரைசலைத் தெளித்து, உலர்த்தி, பட்டையோடு உள்ளே இழுத்துப் பார்த்தார்கள். தெர்மோஸ்ப்ரே என்று ஒன்று வந்தது, கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில் நிலைத்தது எலக்ட்ரோஸ்ப்ரே. மெல்லிய ஊசி முனைக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் கரைசல் மின்னேற்றம் பெற்ற நுண்துளிகளாகச் சிதறும். சூடான நைட்ரஜன் அவற்றை உலர்த்தும். துளி சுருங்கச் சுருங்க மின்னேற்றம் நெருக்கி, அயனிகள் வெளியே வந்துவிடும். வெளியில், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே இதெல்லாம் முடிந்துவிடுவதால் உள்ளே போவது பெரும்பாலும் அயனிகள் மட்டும். மால்கம் டோல் 1968-இலேயே இந்த யோசனையைத் தொட்டிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென் 1980களில் அதை வேலை செய்ய வைத்தார். 2002-இல் நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 85.

இந்த இணைப்பு முறையால் ஒரு கட்டுப்பாடும் வந்தது. கரைப்பானில் சேர்ப்பதெல்லாம் ஆவியாகக்கூடியதாக இருக்க வேண்டும். ஃபார்மிக் அமிலம், அம்மோனியம் ஃபார்மேட் சரி. பாஸ்பேட் பஃபரை (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) தயவுசெய்து இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். ஊசி முனையில் உப்பாகப் படிந்துவிடும்.

சட்ட மாணவர்: பயிற்சிக்குக் கொடுத்த மாதிரி அறிக்கையில், "304-இல் சிக்னல் உள்ளது, ஆகவே கோக்கைன்" என்று ஒரே வரி. குறுக்கு விசாரணைக்கு இடமிருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. கோக்கைன் மூலக்கூறில் 17 கார்பன், 21 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 4 ஆக்சிஜன். ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபொலமைனுக்கும் அச்சு அசலாக இதே கணக்கு! புரோட்டான் ஒன்றை ஏற்று அயனியானால் இரண்டின் நிறையும் 304, அறிக்கையில் வந்த எண் அதுதான். எத்தனை கோடி ரூபாய் எந்திரமாக இருந்தாலும் நிறையை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. பயணிகளுக்கு ஊமத்தை கொடுத்து மயக்கிக் கொள்ளையடிப்பது நம் நாட்டில் பழைய குற்றம். அதனால் ஏட்டளவிலான ஆட்சேபம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

பிரிப்பதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டும் வேண்டும். முதலாவது, எல்சி குழாயிலிருந்து வெளியே வரும் நேரம். இரண்டாவது, உடைத்துப் பார்ப்பது. எம்எஸ்/எம்எஸ் எந்திரத்தில் 304-ஐ மட்டும் தேர்ந்து உள்ளே விட்டு, வாயுவோடு மோதவிட்டு, துண்டுகளைப் பார்ப்போம். கோக்கைன் 182, 82 ஆகிய துண்டுகளைத் தரும். ஸ்கோபொலமைன் 138, 156 தரும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை துண்டுகள் பார்க்கப்பட்டன? அவற்றின் விகிதம் அதே நாளில் ஓட்டிய தூய கோக்கைனோடு ஒத்துப்போனதா? வெளிவந்த நேரம் பொருந்தியதா? இதற்கு முன் ஓட்டிய பிளாங்க் (மருந்து எதுவும் இல்லாத வெற்று மாதிரி) சுத்தமாக இருந்ததா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முந்தைய மாதிரியின் மிச்சம் அடுத்ததில் தெரிவது இந்த எந்திரங்களில் சகஜம்.

நேரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் பெட்ரீசியா ஸ்டாலிங்ஸ் வழக்கைப் படியுங்கள். அது ஜிசி வழக்குதான், ஆனாலும் பாடம் ஒன்றே. 1989-இல் அவருடைய கைக்குழந்தையின் இரத்தத்தில் எத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருப்பதாக ஆய்வக முடிவு வந்தது, குழந்தையும் இறந்தது. தாய்க்குச் சிறை. சிறையில் இருந்தபோது பிறந்த அடுத்த மகனுக்கு மெத்தில்மலோனிக் அசிடீமியா என்ற பரம்பரை நோய் இருந்தது தெரியவந்தது. மறுபடி ஆராய்ந்தால், முதல் குழந்தையின் இரத்தத்தில் இருந்தது அந்த நோயில் உடலே உண்டாக்கும் புரோப்பியோனிக் அமிலம். 1991-இல் வழக்கைக் கைவிட்டார்கள்.

கதை எழுதுபவர்: எந்த விஷம் என்று தெரியாமலே மாதிரியைப் போட்டால் எந்திரம் பெயரைச் சொல்லிவிடும்தானே?

சினிமாவில் சொல்லும். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் முறையில், கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். பட்டியலில் இருநூறு பொருள் இருந்தால் இருநூறுக்கும் பதில் உண்டு, இருநூற்று ஒன்றாவது பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது. கியூ-டாஃப் போன்ற உயர்துல்லிய எந்திரங்கள் எல்லா அயனிகளையும் பதிவு செய்துவைக்கும், பிற்பாடு தேடலாம். அப்போதும் ஒப்பிட, தெரிந்த பொருட்களின் பதிவுகளைச் சேர்த்த நூலகம் வேண்டும். ஒடுவந்தழையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் உயிரைக் குடிக்கிற இலை, அதன் நச்சு கிளீஸ்டாந்தின். வெளிநாட்டில் தொகுத்த மருந்துப் பட்டியலில் அது இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. நாமே தூய பொருளைப் பிரித்தெடுத்துச் சேர்க்க வேண்டும். உங்கள் கதையில் துப்பு கொடுக்கப்போவது சம்பவ இடத்தில் இலைச் சாற்றைப் பார்த்த காவலராக இருக்கட்டும், அதுதான் நிஜத்துக்கு நெருக்கம்.

ஆய்வக உதவியாளர்: விசரா (பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்பு) மாதிரிகளில் சிக்னல் பாதியாகக் குறைகிறது. எந்திரக் கோளாறா சார்?

உப்பைச் சந்தேகப்படுங்கள். உள்ளுறுப்புகள் நமக்கு நிறைவுற்ற உப்புக் கரைசலில்தான் வருகின்றன, எலக்ட்ரோஸ்ப்ரேக்கு உப்பு ஆகவே ஆகாது. மின்னேற்றத்துக்கான போட்டியில் உங்கள் மருந்து தோற்றுப்போகும். சில சமயம் புரோட்டானுக்குப் பதில் சோடியத்தை ஏற்று 22 கூடுதலாக வேறு இடத்தில் நிற்கும். சாலிட் ஃபேஸ் பிரிப்பில் (மருந்தைத் திடப்பொருளில் பிடித்துவைத்து மற்றதை நீக்கும் முறை) நன்றாகக் கழுவுங்கள், முதல் ஓரிரு நிமிட ஓட்டத்தைக் கழிவுக்குத் திருப்புங்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்தை, அதாவது ஒப்பீட்டுக்கான இன்டர்னல் ஸ்டாண்டர்டை, தெரிந்த அளவில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். மருந்து எவ்வளவு அடங்குகிறதோ அதுவும் ஏறக்குறைய அவ்வளவே அடங்கும், விகிதம் காப்பாற்றப்படும். அப்புறம், பதப்படுத்திய உப்புக் கரைசலின் தனி மாதிரி கூடவே வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

துபாயில் வேலை பார்ப்பவர்: அண்ணே, குருமாவில் கசகசா போட்டால் போதைப் பரிசோதனையில் மாட்டுவோமா?

கசகசாவில் மார்ஃபின் ஒட்டியிருக்கும், சிறுநீரில் தெரிய வாய்ப்பு உண்டு. இதற்காகவே அமெரிக்காவில் 1998-இல் வேலையிடச் சோதனையின் எல்லையை மி.லி.க்கு 300-இலிருந்து 2000 நானோகிராமுக்கு உயர்த்தினார்கள். ஹெராயினா என்று தெரிய எல்சி-எம்எஸ்-இல், ஹெராயின் உடலில் மாறி உண்டாகும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினைத் தேடுவோம். கசகசாவிலிருந்து அது வராது. ஆனால் சீக்கிரம் மறைந்துவிடும், அதனால் அது இல்லை என்பது ஹெராயின் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. உங்கள் விஷயத்தில் வேதியியலை விடுங்கள் தம்பி, அமீரகத்துக்குள் கசகசா கொண்டுபோவதே குற்றம். ஊரிலிருந்து வரும் மசாலாப் பொட்டலத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர்: கள்ளக்குறிச்சி மாதிரி சாராயச் சாவுகளிலும் இதே எந்திரம்தானா?

இல்லை. மெத்தனாலுக்கு ஹெட்ஸ்பேஸ் ஜிசி-தான். குப்பியைச் சூடாக்கி மேலே நிற்கும் ஆவியை எடுத்து ஓட்டுவார்கள். எல்சி-யில் நாங்கள் ஓடவிடும் கரைப்பானே பல நேரம் மெத்தனால்தான், அதில் போய் எதைத் தேடுவது!