ஆன்டெனா டிவியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய என்னென்ன வேண்டும்? அமெரிக்கா, கனடா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டாலஸ்: கேபிளை நிறுத்திவிட்டோம். ஆன்டெனாவில் வரும் எச்டி சேனல்களைப் பதிவு செய்ய ஐ7 பிராசஸர், 32 ஜிபி ராம் போட்ட புது கம்ப்யூட்டர் வாங்கலாமா?

வேண்டாம். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள். டிவி நிலையம் படத்தை எம்பெக்-2 முறையில் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆன்டெனாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் ட்யூனர் அதைப் பிடித்து அப்படியே கொடுக்கும். கம்ப்யூட்டருக்கு அதை ஃபைலாக எழுதிவைக்கும் வேலை மட்டும்தான். ஒரு அலைவரிசையில் வரக்கூடிய மொத்தமே நொடிக்கு 19.39 மெகாபிட், அதாவது சுமார் 2.4 மெகாபைட். நான்கு சேனலை ஒரே நேரத்தில் பதிந்தாலும் 10 மெகாபைட்டைத் தாண்டாது. பழைய ஹார்ட் டிஸ்க்கே போதும்.

பிராசஸருக்கு வேலை வருவது பதிந்த பிறகு. 1080ஐ படத்தில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியாக வரும். அவற்றைச் சேர்த்துத் திரையில் காட்ட வேண்டும். அதை இன்டெல் சிப்போடு வரும் கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்ளும். விளம்பரத்தைக் கண்டுபிடித்து வெட்டுவதும், இன்னும் சிறிதாகச் சுருக்கும் எச்.264 முறைக்கு மாற்றுவதும் கொஞ்சம் கனமான வேலைகள். அவை ராத்திரியில் நிதானமாக நடக்கட்டும். இன்டெல் என்100 சிப், 8 ஜிபி ராம் உள்ள மினி பிசி தாராளம். மிச்சப் பணத்தை ஆன்டெனாவில் போடுங்கள்.

ஃபிலடெல்ஃபியா: ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனா வைத்திருக்கிறேன். எல்லாம் நன்றாக வருகிறது. 6-ஆம் சேனல் மட்டும் பதிவில் கட்டம் கட்டமாக உடைகிறது. ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கிறதோ?

டிஸ்க்கைத் தொடாதீர்கள். டிஸ்க் கோளாறு என்றால் எல்லாச் சேனலும் உடைந்திருக்கும். உங்கள் ஊர் 6-ஆம் சேனலான டபிள்யூபிவிஐ நிலையம் இன்னும் நிஜமான 6-ஆம் அலைவரிசையிலேயே ஒளிபரப்புகிறது. 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். கையகலத் தகட்டில் அது எப்படிச் சிக்கும்? இழுத்து நீட்டும் இரட்டைக் கம்பி ஆன்டெனா வாங்கி, ஒவ்வொரு கம்பியையும் சுமார் 85 சென்டிமீட்டருக்கு நீட்டிப் பாருங்கள். பக்கத்தில் எரியும் எல்இடி பல்புகளை ஒருமுறை அணைத்தும் பாருங்கள். இந்த அலைவரிசையில் அவற்றின் இரைச்சல் நன்றாகவே நுழையும்.

ரௌட்டரோடு இணையும் எச்டிஹோம்ரன் ட்யூனராக இருந்தால், பிரௌசரில் திறக்கும் அதன் பக்கத்தில் மூன்று எண்கள் தெரியும்: சிக்னல் பலம், சிக்னல் தரம், சிம்பல் தரம். கடைசி எண் எப்போதும் 100-லேயே நிற்க வேண்டும். அது 90-க்கு இறங்கும் ஒவ்வொரு தடவையும் பதிவில் ஓர் உடைசல் விழும். பலம் 100 காட்டியும் தரம் தாழ்ந்திருந்தால் சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றுங்கள். டவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவே எதிரி.

சான் ஹோசே: இதில் சன் டிவி, விஜய் டிவி வருமா?

வராது. உள்ளூர் நிலையங்கள் மட்டும்தான்.

டொராண்டோ: பஃபலோ சேனல்களும் சேர்த்துப் பதிகிறேன். எவ்வளவு இடம் வேண்டும்?

மணிக்கு 5 முதல் 8 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 டெராபைட்டில் 500 மணி நேரம் கொள்ளும். கண்காணிப்புக் கேமரா பதிவுக்கென்று விற்கும் டிஸ்க் நல்லது, நாள் முழுக்க எழுதினாலும் தாங்கும். அப்புறம், ட்யூனரை வைஃபையில் விடாதீர்கள்; ரௌட்டருக்குக் கேபிள் இழுங்கள்.

அட்லாண்டா: ஐ5 போதுமா, அண்ணா?

முதல் பதிலைப் படியுங்கள், தம்பி.

சிகாகோ: ராஸ்பெர்ரி பை 4?

பதிவு செய்ய ஓகே. பார்க்க வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். எம்பெக்-2-ஐப் பிரிக்கும் வன்பொருள் அதில் இல்லை.

ஹூஸ்டன்: வாங்குவதே வாங்குகிறோம், ஏடிஎஸ்சி 3.0 ட்யூனராக வாங்கிவிடலாமா?

பதிவு செய்யத்தான் என்றால் இப்போது வேண்டாம். 2017-இல் அமெரிக்க ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி அனுமதித்த புது ஒளிபரப்பு முறை இது. சுருக்கும் முறையும் புதிது: படத்துக்கு எச்இவிசி, ஒலிக்கு ஏசி-4. படம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் பல நிலையங்கள் அதை என்கிரிப்ட் செய்து, அதாவது பூட்டி அனுப்புகின்றன. பூட்டிய சேனலைப் பதிந்தாலும் உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க முடியாது.

சியாட்டில்: பூட்டினால் என்ன தப்பு? திருட்டைத் தடுக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற பெட்டி வாங்கிப் பதியலாமே.

இலவச ஒளிபரப்பை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது திருட்டு இல்லை என்று 1984-இலேயே பீட்டாமாக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சியாட்டில்: பதிவது குற்றமில்லை என்றுதான் சொன்னது. வசதி செய்துதர வேண்டும் என்று சொல்லவில்லையே?

சட்டப்படி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலைக்கற்றை மக்களுடையது. பொதுநலனுக்கு என்று சொல்லித்தான் உரிமம் வாங்குகிறார்கள். 2003-இல் எஃப்சிசியே பதிவுகள் இணையத்தில் பரவுவதைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. 2005-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்று விதியால் முடியாததை இன்று பூட்டால் செய்கிறார்கள். அந்தப் பெட்டியை அவர்கள் கைவிட்டால் உங்கள் பதிவுகள் என்ன ஆகும்? இன்று நீங்கள் எம்பெக்-2-இல் பதிந்த குழந்தையின் பள்ளிச் செய்தியை இருபது வருடம் கழித்தும் எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்க்கலாம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சென்னை: இதே ட்யூனர் இங்கே வேலை செய்யுமா?

செய்யாது. தூர்தர்ஷனின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு டிவிபி-டி2 என்ற வேறு முறை.

டென்வர்: எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு இருக்கிறது. ரைசன் 7 போதுமா?

கேப்சர் கார்டு வேறு, ட்யூனர் வேறு. அது வேறொரு பெட்டி எச்டிஎம்ஐயில் தரும் படத்தைப் பதியும்; ஆன்டெனா சிக்னலைப் பிடிக்காது. உங்களுக்கு வேண்டியது ட்யூனர். பிராசஸரை விடுங்கள். டவர் எத்தனை மைலில், எந்தத் திசையில் இருக்கிறது, ஆன்டெனா வீட்டில் எங்கே இருக்கிறது, இதை எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.