முழங்கால் போட்டேன், என்ன கிடைத்தது?

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். போன வருடம் இன்ஜின் போய்விட்டது. வட்டிக்கு வாங்கினேன், மனைவியின் நகையையும் பாங்கில் வைத்தேன். ஓரியூர் கோயிலுக்கு நடந்தே போய்ப் புனித அருளானந்தரிடம் நேர்ந்துகொண்டேன். கடன் அடைந்தால் கோயிலுக்குத் தங்கச் சிலுவை செய்து தருகிறேன் என்று முழங்கால் போட்டு வேண்டினேன். அங்கிருந்து செம்மண்ணும் எடுத்துவந்தேன். ஆனால் மீன்பாடு சரியில்லை. நகை ஏலத்தில் போய்விட்டது. எட்டு மாதமாக நான் கோயில் பக்கம் போகவில்லை. அந்த மண்ணைக்கூடத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாமா என்று இருக்கிறது. இயேசுவை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனி அவர்தான் முதலில் ஏதாவது செய்துகாட்ட வேண்டும். தாழ்ந்து போங்கள் என்கிறாள் மனைவி. நான் யாரிடமும் தலை குனியாதவன். கடற்கரையில் உட்கார்ந்து என் பாட்டுக்குக் கும்பிட்டால் போதாதா? கோயிலுக்குப் போனால் அண்ணன் முகத்தில் வேறு முழிக்க வேண்டும், அது தனிக்கதை.
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்துவிட்டேன். மனைவியின் நகை ஏலம் போன வீட்டில் அன்று ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கோபத்தை நான் குறை சொல்லப்போவதில்லை. சங்கீதங்களை எடுத்துப் பாருங்கள், எவ்வளவு காலம் ஆண்டவரே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று எத்தனை புலம்பல்! அந்தப் புலம்பலையும் நாம் ஜெபம் என்றுதான் சொல்கிறோம். அவரிடம் கோபித்துக்கொண்டதால் நீங்கள் அவரை விட்டுப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

முதலில் அந்தத் தலை குனிகிற விஷயம். முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்கிற விலைக்கு மீனைப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் வருகிறவர்களை நீங்களும் நானும் கரையில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அந்தக் குனிவு வேறு. அதில் பயம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது. அந்த மாதிரி நிற்கச் சொல்லி இயேசு யாரையும் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கோடு இருந்த பெண் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்தபோது, மகளே என்றுதான் கூப்பிட்டார். பாங்கில் நீங்கள் குனிய வேண்டாம். ஏலம் போன நகைக்குக் கடனும் வட்டியும் செலவும் போக மீதி இருந்தால் அது உங்கள் பணம். நிமிர்ந்து நின்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். இதை நாளைக்கே செய்யுங்கள்.

ஆனால் அவர்தான் முதலில் செய்துகாட்ட வேண்டும் என்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நாமான் ஞாபகம் வந்தான். சிரியா நாட்டுப் படைத்தளபதி. பெரிய ஆள், ஆனால் தொழுநோய். வெள்ளியும் பொன்னும் பத்துப் பட்டாடைகளும் ஏற்றிக்கொண்டு, குதிரை, தேர் சகிதம் இறைவாக்கினர் எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறான். எலிசா வெளியேகூட வரவில்லை. ஆளிடம் சொல்லி அனுப்புகிறார்: யோர்தானில் ஏழு தடவை முழுகு. நாமானுக்கு வந்ததே கோபம்! அவர் வெளியே வருவார், எனக்கு முன்னால் நின்று தம் கடவுளைக் கூப்பிடுவார், நோயுள்ள இடத்துக்கு மேலே கையை அசைப்பார் என்றல்லவா நினைத்தேன், எங்கள் தமஸ்குவில் இல்லாத ஆறா என்று திரும்பிவிட்டான். அவன் எப்படிக் குணமாக வேண்டும் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவனே முடிவுசெய்து வைத்திருந்தான். கடைசியில் வேலைக்காரர்கள்தான் நயந்து பேசி ஆற்றில் இறக்கினார்கள். உங்கள் வீட்டில் அந்த வேலையை மனைவி செய்கிறார். குணமான பிறகு அவன் கொடுத்த பரிசை எலிசா வாங்கவே இல்லை என்பதையும் பாருங்கள். கொண்டுவந்த பொன் அப்படியே திரும்பிப் போனது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசுவே இந்த நாமானைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள்.

நேர்ச்சை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் நேர்ந்துகொண்ட அருளானந்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் பெரிய குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் பிழைப்பாரா என்ற அளவுக்கு நோய். அவருடைய அம்மா சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, ஒரு வருடம் சேசு சபைத் துறவிகளின் உடுப்பைப் போட்டு நேர்ச்சையையும் நிறைவேற்றினார். அப்புறம் அதே பிள்ளை வளர்ந்து நிஜமாகவே சேசு சபையில் சேர்ந்து இந்தியாவுக்குக் கிளம்பியபோது, அந்த அம்மா தடுக்கப் பார்த்தார். பெற்ற மனசு, வேறென்ன செய்யும்? அவர் கேட்டது மகனின் உயிர். அதைக் கொடுத்த ஆண்டவர், அந்த உயிரை நம் ராமநாதபுரத்து மறவர் சீமைக்குக் கேட்டார். அரண்மனையில் வளர்ந்தவர் இங்கே பண்டாரச்சாமியாகக் காவி உடுத்தி, புலால் ஒதுக்கி, நம் ஊர் வெயிலில் நடந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டார். நீங்கள் அள்ளிவந்த மண், தம் விருப்பப்படி எதையும் நடத்திக்கொள்ளாத ஒருவருடைய மண், தம்பி.

இனி இயேசுவின் சீடர் பேதுரு. உங்களைப் போல வலைக்காரர் என்பதால் இந்த இடம் எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் படவில்லை. கரைக்கு வந்து வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் தச்சு வேலை செய்த ஒருவர் படகில் ஏறி உட்கார்ந்து, ஆழத்துக்குத் தள்ளிப் போய் வலையை இறக்கு என்கிறார். பகல் வெளிச்சத்தில்! பாம்பன் கரையில் யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பேதுருவும் ராத்திரிப் பட்ட பாட்டை மறைக்காமல் சொல்லிவிடுகிறார். சொல்லிவிட்டு, உம் வார்த்தைக்காக இறக்குகிறேன் என்கிறார். இத்தனை வருட அனுபவத்தை அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே வைத்தாரே, நான் தாழ்மை என்று சொல்வது அதைத்தான். இரண்டு படகும் அமிழ்கிற அளவுக்கு மீன் பட்டது. நாமாக இருந்தால் நாளைக்கும் வாரும் என்போம். பேதுரு அவர் காலில் விழுந்து, நான் பாவி, என்னை விட்டுப் போய்விடும் என்கிறார். அப்புறம் அந்த மீனையும் படகையும் அங்கேயே விட்டுவிட்டு அவர் பின்னால் போகிறார். பேதுருவுக்கு வேண்டியது மாறிப்போய்விட்டது.

உங்கள் கடனை அவர் எப்போது தீர்ப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. தாழ்ந்து போனால் மீன்பாடு கூடும் என்று சொன்னால் நான் உங்களை மறுபடியும் பேரத்துக்கே அனுப்புகிறேன் என்று அர்த்தம். ஒரு தொழுநோயாளி இயேசுவிடம், நீர் விரும்பினால் உம்மால் முடியும் என்றான். முடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. விரும்புவதை மட்டும் அவரிடமே விட்டுவிட்டான். கடனைப் பற்றி அப்படிக் கேட்டுப்பாருங்கள்.

கடற்கரையில் கும்பிடுவதா? தாராளமாகக் கும்பிடுங்கள். அவரே கரையில்தான் பாதி நாள் இருந்தார். ஆனால் கோயிலை விட்டுவிட்டுக் கரைக்குப் போவதற்கு நீங்கள் சொன்ன காரணத்தைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அண்ணன். தனிக்கதை என்று எழுதினீர்கள். எனக்கென்னவோ உங்கள் கதையே அதுதான் என்று படுகிறது. எதை வேண்டுமானாலும் கேளும், அண்ணனைப் பற்றி மட்டும் கேட்காதீர் என்று நீங்கள் ஆண்டவருக்கே ஒரு நிபந்தனை போட்டு வைத்திருக்கிறீர்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று சொன்னவர் அவர். நீங்கள் தருகிறேன் என்ற தங்கச் சிலுவைக்கு முன்னால் அவர் கேட்பது இதுவாக இருக்கலாம்.

அண்ணனோடு என்ன தகராறு என்று நீங்கள் எழுதவில்லை. சொத்துப் பங்குத் தகராறு என்றால் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அதை ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம். அவர் அடிக்கிறவர், குடித்துவிட்டு வம்புக்கு வருகிறவர் என்றால் தனியாகப் போகவும் வேண்டாம், பங்குச்சாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெறும் வீம்புதான் என்றால் ஞாயிற்றுப் பூசை முடிந்து வெளியே வரும்போது, நல்லா இருக்கியாண்ணே என்று ஒரு வார்த்தை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். அடுத்த ஞாயிறும் கேளுங்கள்.

அந்தச் செம்மண்ணைக் கொட்ட வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் ஓரியூருக்குப் போய்வாருங்கள், இந்தத் தடவை நேர்ச்சை எதுவும் நேராமல்.