முரண்டு பிடிப்பவரை என்ன செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதங்களாக எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேருக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். தலைமைக்கு உணர்வுசார் நுண்ணறிவு இன்றியமையாதது என்று தாங்கள் எழுதியதைப் படித்தபின், எவரையும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் ஒருவர் எல்லாவற்றுக்கும் முரண்டு பிடித்து, மற்றவர்களையும் சோர்வடையச் செய்கிறார். இளகிய மனம் தலைமைக்குத் தடைதானோ?

க.

அன்புள்ள க.,

இளகிய மனம் வேறு, தம் மனத்தையும் பிறர் மனத்தையும் அறிந்து நடக்கும் திறனாகிய உணர்வுசார் நுண்ணறிவு வேறு. கடிந்துகொள்ளாதிருப்பது பல நேரங்களில் நம்முடைய சங்கடத்தைத் தவிர்க்கும் வழியே தவிர, எதிரில் இருப்பவரின் மனத்தை அறிந்ததன் விளைவு அன்று.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். துருவ ஆய்வுப் பயணங்களின் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவின் உறைபனியில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. பனிப்பரப்பில் நின்ற 28 பேரில் தச்சர் ஹாரி மெக்நிஷும் ஒருவர். படகுகளைப் பனிமீது இழுத்துச் செல்வது வீண் என்று கருதிய அவர், கப்பலே இல்லாதபோது ஒப்பந்தமும் இல்லை என்று கூறி, டிசம்பர் இறுதியில் பணிய மறுத்தார். ஷாக்கிள்டன் கெஞ்சவில்லை, அனைவரையும் கூட்டி ஒப்பந்தத்தைப் படித்துக்காட்டி, கரைசேரும் நாள்வரை ஊதியம் உண்டு என்றார். கப்பலை இழந்த மாலுமிகள் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் ஊதியம் நின்றுவிடும் என்பதே என்று அவர் உணர்ந்திருந்தார் எனக் கருதுகிறேன்.

1916 ஏப்ரலில், அனைவரும் படகுகளில் சென்றடைந்த எலிஃபண்ட் தீவிலிருந்து உதவி தேடி ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் கடலைக் கடக்க ஐவரைத் தேர்ந்தபோது, அதே மெக்நிஷைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். படகின் பக்கங்களை உயர்த்தி மேல்மூடி அமைத்த கைத்திறன் அவருடையது. தீவில் காத்திருக்கும் 22 பேரிடையே அவருடைய கசப்பு பரவ விடாமல் காப்பதும் அந்தத் தேர்வில் அடங்கியிருந்தது. அந்த 22 பேரும் ஆகஸ்ட் 30 அன்று உயிருடன் மீட்கப்பட்டனர்.

ஆயினும் பின்னர் மெக்நிஷுக்குத் துருவப் பதக்கம் என்னும் பிரிட்டிஷ் விருதைப் பரிந்துரைக்க ஷாக்கிள்டன் மறுத்துவிட்டார் என்பதை என்னால் இன்றும் ஏற்க இயலவில்லை. கப்பலைக் கைவிட்டதும் மெக்நிஷ் வளர்த்த பூனையைச் சுட ஆணையிட்டவரும் அவரே. ஆபத்தின் நடுவே பிறர் மனத்தை அவ்வளவு துல்லியமாக அறிந்தவர், ஆபத்து நீங்கியபின் தம் மனக்கசப்பை அறியத் தவறினார்.

உங்கள் அலுவலரைத் தனியே அழையுங்கள். அவருடைய நடத்தையால் மற்றவர்கள் சோர்வதை மழுப்பாமல் சொல்லுங்கள். பிறகு, நீங்கள் பொறுப்பேற்ற நாளில் அவர் எதை இழந்ததாக நினைக்கிறார் என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். அவர் எந்த வேலையில் தேர்ந்தவர் என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.