நியூயார்க்கின் சோஹோ வட்டாரத்தில் கடைப் பலகையை மாற்ற அனுமதி வாங்க வேண்டுமா?

வாங்கத்தான் வேண்டும். சோஹோவின் பெரும்பகுதி 1973-லேயே பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி ஆகிவிட்டது. கடை சொந்தமே என்றாலும் முகப்பில் கை வைக்குமுன் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நகரத்தின் லேண்ட்மார்க்ஸ் ஆணையத்திடம் கேட்கணும். பயப்படாதீர்கள், எல்லாவற்றுக்கும் பொது விசாரணை கிடையாது. உடைந்த கண்ணாடியை மாற்ற, அதே நிறத்தில் மறுபடி பெயின்ட் அடிக்க அனுமதியே தேவையில்லை. பெயர்ப்பலகை விதிக்குள் இருந்தால் அலுவலர்களே பார்த்து முடித்துவிடுவார்கள். விதிக்கு அடங்காததுதான் விசாரணைக்குப் போகும்.

பலகையை எப்படி மாட்டுகிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். செங்கல் சுவரென்றால் போல்ட் செங்கல்லில் இறங்கக் கூடாது, இடையிலுள்ள காரையில்தான் இறங்கணும். காரையைப் பிறகு அடைத்துவிடலாம். பழைய செங்கல் உடைந்தால் மாற்றுக்கு எங்கே போவது? இந்தக் கண்டிப்பு நியாயம் என்றே நினைக்கிறேன். துளை எங்கே வரும் என்று வரைபடத்திலேயே குறித்துக் கொடுங்கள்.