ஆப்பிரிக்கக் கணித ஆராய்ச்சி மையத்தில் மூன்று வாரம்: எட்டு நாள் சந்தையும் ஏழு நாள் கணக்கும்

"ஆப்பிரிக்காவில் கணித ஆராய்ச்சி மையங்கள் உண்டா? அங்குள்ளவர்களோடு சேர்ந்து வேலை செய்தால் நமக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: உண்டு. இரண்டாவதற்குத்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. தொற்றுநோய் பரவும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பது என் தொழில். மூன்று வாரம் பாடம் நடத்தச் சில ஆண்டுகளுக்கு முன் கேப்டவுனுக்கு விமானம் ஏறினேன். கொடுப்பதற்காகப் போகிறேன் என்ற எண்ணம்தான் அன்று மனத்தில் இருந்தது.

நான் போன இடம் மியூசன்பெர்க். கேப்டவுனின் தெற்கே ஃபால்ஸ் வளைகுடாவை ஒட்டிய கடலோரப் புறநகர். கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி, முன்பு ஹோட்டலாக இருந்த ஒரு கட்டடத்தில் ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம் இயங்குகிறது. அதன் சுருக்கப் பெயர் எய்ம்ஸ். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும் என்பதால் இங்கே 'நிறுவனம்' என்றே எழுதுகிறேன். தொடங்கியவர் நீல் டுரோக், அண்டவியல் அறிஞர், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இருவரும் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர்கள். 2003-இல் இந்த ஒரு கட்டடத்தில் தொடங்கியது, பிறகு செனகல், கானா, கேமரூன், ருவாண்டா என்று பரவியது.

அங்கே முதுநிலைப் படிப்பு நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப் போவது அதிலிருந்துதான் பிறக்கிறது. கண்டம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் முழு உதவித்தொகையில் வருகிறார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து, ஆளுக்கு மூன்று வாரம் நடத்திவிட்டுப் போகிறார்கள். மாணவர், துணை ஆசிரியர், வந்த ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே சாப்பாட்டு அறை. வகுப்பு முடிந்துவிட்டது என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. இரவு பத்து மணிக்குத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, மாலையில் நான் எழுதிய சமன்பாட்டில் ஒரு குறி தவறு என்று ஒருவர் வந்து சொல்வார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

இரண்டாம் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நோய் ஊரில் பரவும் வேகத்தை, வாரந்தோறும் சுகாதார நிலையங்கள் அனுப்பும் எண்ணிக்கையிலிருந்து கணிப்பது அன்றைய பாடம். நான் எழுதிய கணித மாதிரியில் எல்லோரும் எல்லோரையும் எல்லா நாளும் ஒரே அளவில் சந்திக்கிறார்கள். பாடநூல்கள் இப்படித்தான் தொடங்கும். இரவுச் சாப்பாட்டின்போது கேமரூனின் வடமேற்கு மேட்டு நிலத்திலிருந்து வந்த ஒரு மாணவி எதிரே அமர்ந்தார். "எங்கள் பகுதியில் மக்கள் கூடுவது சந்தை நாளில். எங்கள் மரபு வாரத்துக்கு எட்டு நாள். சந்தை எட்டு நாளுக்கு ஒருமுறை. உங்கள் வாரத்துக்கு ஏழு நாள். இது உங்கள் சமன்பாட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

சாப்பாட்டு மேசையிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். எட்டும் ஏழும் 56 நாளில் ஒன்று சேரும். அந்த 56 நாளில் ஏழு சந்தைகள். சுகாதார நிலையத்தின் கணக்கில் எட்டு வாரங்கள். ஆகவே எட்டு வாரத்தில் ஒரு வாரம் சந்தையே இல்லாமல் போகிறது. கூட்டம் கூடாததால் நோய் தொற்றுவது குறைகிறது. சில நாள் கழித்து வரும் வாரக் கணக்கில் ஒரு பள்ளம் விழுகிறது. சந்தையைப் பற்றித் தெரியாத ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்தால், தடுப்பு நடவடிக்கை பலன் தந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடுவார். என் கையில் தரவு இருந்தது, மென்பொருள் இருந்தது, பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தது. இந்தக் கேள்வி இல்லை. என் மேசையில் உட்கார்ந்து ஆயுள் முழுவதும் யோசித்திருந்தாலும் அது எனக்குத் தோன்றியிருக்காது.

கூட்டு ஆராய்ச்சி என்ற பெயரில் நெடுங்காலமாக நடந்து வந்தது வேறு. வெளிநாட்டுக் குழு வரும், ரத்த மாதிரியையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போகும், கட்டுரை எங்கோ வெளியாகும். உள்ளூர்க்காரரின் பெயர் கட்டுரையின் கடைசி வரியில் நன்றியாக நிற்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இப்படி ஒரு மையம் இருப்பதன் மதிப்பு, கேள்வி அங்கேயே பிறந்து, அங்கேயே கணக்காக மாறுவதில் இருக்கிறது.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வது. ஆப்பிரிக்காவில் மனிதர்களுக்கு உறக்க நோயையும் மாடுகளுக்கு நகானா நோயையும் பரப்புவது செட்சி ஈ. கொசு ஒரே நேரத்தில் நூறு முட்டைக்கு மேல்கூட இடும். செட்சி ஈ, 9 அல்லது 10 நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான ஒரே ஒரு புழுவை ஈனும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரைக் குறைக்கப் பேரளவில் மருந்து அடிக்கத் தேவையில்லை. பெண் ஈக்களில் நாளுக்கு 4 சதவீதம் கூடுதலாகச் செத்தாலே போதும், காலப்போக்கில் கூட்டமே அழியும் என்று கணக்கு காட்டியது. மாட்டின் மணத்தைக் கொண்டு ஈயை இழுத்து, பூச்சிமருந்து தோய்த்த துணியில் உட்காரவைக்கும் பொறிகளைச் சதுர கிலோமீட்டருக்கு நான்கு வைத்தால் அந்த 4 சதவீதம் கிடைக்கும். ஜிம்பாப்வேயின் ஜாம்பெசி பள்ளத்தாக்கில் ஆண்டுக்கணக்கில் ஈ பிடித்து எண்ணியவர்களின் உழைப்பு இது. அவர்களில் ஒருவரான ஜான் ஹார்கிரோவ்தான் பிறகு, ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உள்ள தென்னாப்பிரிக்கத் தொற்றுநோய் மாதிரியாக்க மையத்தின் தொடக்க காலத்தில் அதற்குத் தலைமை தாங்கினார். அந்த மையமும் மியூசன்பெர்க் நிறுவனமும் சேர்ந்து பயிற்சி முகாம்கள் நடத்தி வந்திருக்கின்றன. தொற்றுநோய்த் தரவோடு மல்லுக்கட்டும் இளைஞர்களுக்கு அவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. பல்கலைக்கழக வேலை கிடைத்தால், ஒரே வகுப்பில் நூற்றுக்கணக்கான மாணவர்கள்; ஆராய்ச்சிக்கு இரவு மட்டுமே மிஞ்சும். நானும் அந்த மாணவியும் எழுதிய வேலையை ஓர் ஐரோப்பிய மாநாட்டில் அவர்தான் பேசுவதாக இருந்தது. விசா மறுத்துவிட்டார்கள். காரணம் என்று வந்தது ஒற்றை வரி. அவர் கண்டுபிடித்ததை அவர் இல்லாத மேடையில் நான் நின்று பேசினேன். அவருடைய பெயரை மூன்று முறை சொன்னேன். அதற்குமேல் என்ன செய்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது வெளிநாட்டு மாநாட்டுக்கு அழைப்பு வந்தால், ஆப்பிரிக்காவில் நடத்த முடியுமா என்று முதலில் கேட்கிறேன்.

நீங்கள் போக நினைத்தால், மெருகேற்றிய விரிவுரைகளைக் குறைவாகவும், உங்களுக்கே விடை தெரியாத கணக்குகளைக் கூடுதலாகவும் எடுத்துச் செல்லுங்கள். பிரெஞ்சிலும் அரபியிலும் படித்து வந்தவர்கள் வகுப்பில் இருப்பார்கள்; முதல் வாரம் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுங்கள், கரும்பலகையில் நிறைய எழுதுங்கள். மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நானும் அந்த மாணவியும் இப்போதும் வியாழக்கிழமைதோறும் பேசுகிறோம். இணைப்பு பாதியில் அறுந்தால் மின்னஞ்சலில் தொடர்கிறோம். பக்கத்து ஊர்ச் சந்தைகள் ஒரே நாளில் கூடுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல்கின்றன. வியாபாரிகள் அந்தச் சுழற்சியோடு ஊர் ஊராக நகர்கிறார்கள். அவர்களோடு நோயும் நகர்கிறதா என்பது அவருடைய அடுத்த கேள்வி. பன்னிரண்டு ஊர்களின் சந்தை அட்டவணையைப் போன வாரம் அனுப்பியிருக்கிறார். இன்றிரவு அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.