சைக்கி: இரும்புக் கோளமா?

அன்புள்ள ஐயா,

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சைக்கி என்ற சிறுகோள் முழுக்க இரும்பும் நிக்கலும்தான், சிதைந்துபோன ஒரு கோளின் கரு, அதாவது நடுப்பகுதி, அது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதன் விலை உலகச் செல்வத்தையே மிஞ்சுமாம். யாரும் போய்ப் பார்க்காத ஒன்றைப் பற்றி எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் சந்தேகம் நியாயமானது.

1852 மார்ச் 17 அன்று நேப்பிள்ஸ் வானாய்வகத்தில் அன்னிபாலே டி காஸ்பாரிஸ் அதைக் கண்டுபிடித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறும் ஒரு புள்ளி மட்டும்தான். இரும்பு என்ற பேச்சுக்கு வலுச் சேர்த்தது, பின்னாளில் வந்த ரேடார். பாறைச் சிறுகோள்களைவிட சைக்கி அலைகளைப் பலமாகத் திருப்பி அனுப்பியது. உலோகம் அப்படித்தான் செய்யும்.

ஆனால் அடர்த்தி வேறு கதை சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சைக்கியின் அருகே போகும் மற்ற சிறுகோள்களின் பாதை அதன் ஈர்ப்பால் இம்மியளவு வளைகிறது. அந்த வளைவிலிருந்து அதன் நிறை கிடைக்கிறது. ஒரு விண்மீனை அது மறைக்கும்போது, மறைந்திருந்த நேரத்தைப் பல ஊர்களிலிருந்து அளந்தால் அதன் குறுக்களவு கிடைக்கிறது. பெரிய தொலைநோக்கிகளின் படங்களையும் சேர்த்துப் பார்த்தால், நீளம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர், மிகக் குறுகிய பக்கம் 170. உருண்டை என்றே சொல்ல முடியாது. 4.2 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது.

நிறையைப் பருமனால் வகுத்தால் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிராம் வருகிறது. இரும்புக்கு இது 7.9. முழு இரும்பென்றால் உள்ளே பாதி வெற்றிடமாக இருந்தாக வேண்டும். இவ்வளவு பெரிய பொருளில் அது நம்பும்படியாக இல்லை. பாறையும் உலோகமும் கலந்தது, உலோகம் 30 முதல் 60 விழுக்காடு இருக்கலாம் என்பதே இப்போதைய மதிப்பீடு. விலைக் கணக்கை விட்டுவிடுங்கள், அது முழு இரும்பு என்ற அனுமானத்தில் எழுந்தது.

2023 அக்டோபரில் நாசா ஏவிய விண்கலம் 2029இல் அங்கே போய்ச் சேரவேண்டும். அதிலுள்ள காந்தமானியைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். சைக்கி ஒரு காலத்தில் காந்தப்புலத்தை உண்டாக்கிய உருகிய கருவாக இருந்து உறைந்திருந்தால், அன்றைய காந்தப்புலத்தின் தடம் அதில் இன்னும் பதிந்திருக்கக்கூடும். தடம் கிடைத்தால் காணொளி சொன்ன கரு என்ற பாதிக்கு நல்ல சான்று கிடைத்துவிடும்.