கரடுமுரடு ரோட்டுக்குச் சின்ன கேம்பிங் ட்ரெய்லர்: எதைப் பாத்து வாங்கறது, உள்ள என்ன வைக்கறது?

ரெண்டு பேர்தான் போறோம், ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருக்கு, மண் ரோடு மலை ரோடுன்னு போக ஒரு சின்ன ட்ரெய்லர் வேணும், எது நல்லது, உள்ள என்னென்ன போடணும்னு கேட்டிருக்கீங்க. இந்த மாடல்தான் வாங்குங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா அது உங்க வண்டியைப் பொறுத்தது. எந்த வரிசையில பாக்கணும்னு வேணா சொல்றேன்.

முதல்ல கீழ குனிஞ்சு பாருங்க. விக்கற இடத்துக்குப் போனா எல்லாரும் பின் கதவைத் தூக்கி கிச்சன் டிராயரை இழுத்து இழுத்துப் பாப்பாங்க, மெத்தையில ஒரு தடவை படுத்துப் பாப்பாங்க, லைட்டைப் போட்டுப் பாப்பாங்க, வீட்டுக்கு வந்துடுவாங்க. ட்ரெய்லர் ஆஃப்ரோடா இல்லையான்னு தீர்மானம் பண்ற எல்லாமே தரைத் தட்டுக்குக் கீழதான் இருக்கு: டிராபார் (ட்ரெய்லருக்கு முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கற இழுக்கற கம்பி), ஆக்சில், சஸ்பென்ஷன், பிரேக், ஹிட்ச் (வண்டியையும் ட்ரெய்லரையும் கோக்கற இணைப்பு). பெரிய டயர் மாட்டி ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டா ஆஃப்ரோடுன்னு தலையில கட்டிடுவாங்க, ஜாக்கிரதை.

அடுத்து எடை. இதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும். ட்ரெய்லர்ல ஒரு தகடு அடிச்சிருப்பாங்க, அதுல அதிகபட்சம் எவ்ளோ எடை இருக்கலாம்னு போட்டிருக்கும், அதுல இருந்து காலி எடையைக் கழிச்சா மிஞ்சறதுதான் நீங்க ஏத்திக்கக் கூடியது. உதாரணத்துக்கு 1000 கிலோ அதிகபட்சம், காலி எடை 720ன்னு வச்சுக்கோங்க, 280 கிலோ இருக்கே தாராளமா போதும்னு தோணும். இப்ப கணக்கு போடுங்க. தண்ணி 60 லிட்டர்னா 60 கிலோ, மேல போடற டென்ட் ஒரு 60, ஆனிங் (பக்கவாட்டுல விரிக்கற நிழல் துணி) 20க்கு மேல, ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கற சாமானோட 35, ஸ்பேர் வீல் 25, பேட்டரி 13, கேஸ் சிலிண்டர் 10. ஆச்சா, 220ஐத் தாண்டிடுச்சு. இன்னும் துணிமணி, நாற்காலி, டூல் பாக்ஸ், அடுப்பு, பாத்திரம், படுக்கை எதுவுமே ஏத்தல. அதுலயும் தகட்டுல இருக்கற காலி எடை பல சமயம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எதுவும் போடறதுக்கு முன்னாடி எடுத்ததா இருக்கும். அதனால வாங்கினதும் எல்லாத்தையும் ஏத்தி, தண்ணி ரொப்பி, ஒரு எடை மேடையில நிறுத்திப் பாத்துடுங்க. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்ங்கற கதைதான் இதுல, ஆசைப்பட்டு மாட்டற ஒவ்வொரு சாமானுக்கும் எடையில விலை குடுக்கணும்.

உங்க வண்டியோட கணக்கு தனி. பிரேக் இருக்கற ட்ரெய்லர் எவ்ளோ இழுக்கலாம், பிரேக் இல்லாதது எவ்ளோ இழுக்கலாம்னு மேனுவல்ல ரெண்டு நம்பர் இருக்கும், ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கும். ஐரோப்பாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் 750 கிலோ வரைக்கும் ட்ரெய்லர்ல பிரேக் இல்லாம போகலாம்னு சட்டம், ஆனா சட்டம் விட்டாலும் மலை எறக்கம் விடாது. என் அபிப்பிராயம், கரடுமுரடு ரோட்டுக்குன்னா 500 கிலோவா இருந்தாலும் பிரேக் வேணும். எந்த நாட்டுல ஓட்டப் போறீங்களோ அங்க உள்ள ரூலை ஒரு தடவை பாத்துக்கோங்க.

இன்னொரு நம்பரும் இருக்கு, நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. ஹிட்ச்சு மேல, அதாவது உங்க வண்டி பின்னாடி எவ்ளோ எடை உக்காருதுங்கறது. மொத்த எடையில சுமார் 10 சதவீதம் முன்னாடி இருக்கணும்னு பொதுவா சொல்வாங்க, ஐரோப்பிய வண்டிகள்ல இதைவிடக் கம்மியாத்தான் அனுமதிப்பாங்க, அதையும் மேனுவல்ல பாத்துடுங்க. முன்பக்கம் எடை பத்தலைன்னா வேகமா போகும்போது ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்படி ஆடினா வண்டி பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கோங்க, எலக்ட்ரிக் பிரேக் இருந்தா கன்ட்ரோலர்ல ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால போடுங்க, இழுத்து நேராக்கிடும்.

முன் எடையை வீட்டுலயே அளக்கலாம், குளிக்கற ரூம்ல வைக்கற எடை மெஷினே போதும். நேரா அதுமேல வச்சா மெஷின் தாங்காதுன்னு பயமா இருந்தா ஒரு உறுதியான பலகை எடுத்து ஒரு முனைக்குக் கீழ செங்கல், இன்னொரு முனைக்குக் கீழ மெஷின், ரெண்டு மட்டமும் ஒண்ணா இருக்கற மாதிரி வைங்க. செங்கலுக்கும் மெஷினுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை மூணா பிரிச்சு, செங்கல்ல இருந்து ஒரு பங்கு தள்ளி ஹிட்ச்சை எறக்குங்க. மெஷின் காட்டறதுல, வெறும் பலகை மட்டும் இருக்கும்போது அது காட்டினதைக் கழிச்சு மூணால பெருக்குங்க, 28 வந்தா 84 கிலோ. சக்கரத்துக்கு முட்டு குடுத்து, ட்ரெய்லர் மட்டமா இருக்கும்போது பாக்கணும். தண்ணி டேங்க் ரொம்பி இருக்கும்போது ஒரு தடவை, காலியா இருக்கும்போது ஒரு தடவை பாருங்க. டேங்க் ஆக்சிலுக்கு நேர் மேல இல்லாம பின்னாடி எங்கயோ வச்சிருந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் அப்பட்டமா தெரியும். அப்படிப்பட்ட ட்ரெய்லரை நான் வாங்க மாட்டேன்.

ஹிட்ச்சுக்கு வருவோம். சாதாரண 50 மில்லி பால் ஹிட்ச் தார் ரோட்டுக்கு அருமை, ஆனா வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு ட்ரெய்லர் இன்னொரு பக்கம் சாயற மாதிரி பள்ளத்துல எறங்கும்போது கொஞ்சம்தான் திருகும், அதுக்கு மேல போனா ஏதாவது ஒண்ணு வளையும், இல்ல கழண்டுக்கும். அதனால மூணு திசையிலயும் திரும்பற ஆர்ட்டிகுலேட்டிங் ஹிட்ச் வாங்குங்க. ஆஸ்திரேலியாக்காரங்க க்ரூஸ்மாஸ்டர் டிஓ35 போடுவாங்க, அமெரிக்காவுல லாக் அன் ரோல் பிரபலம். பின்டில் ஹூக்கும் (வளையத்தைக் கொக்கியில மாட்டற டைப்) வேலை செய்யும், ஆனா வழி முழுக்க டங்கு டங்குன்னு ஒரே சத்தம், பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

சஸ்பென்ஷன்ல ஆளாளுக்கு ஒரு கட்சி. லீஃப் ஸ்பிரிங் பழைய டெக்னாலஜி, முரட்டுத்தனமா குதிக்கும், ஆனா உடைஞ்சா எந்த ஊர் பட்டறையிலயும் ஏதாவது பண்ணி அனுப்பிடுவாங்க. ஆக்சிலுக்குள்ள இருக்கற ரப்பரே ஸ்பிரிங்கா வேலை செய்யற டார்ஷன் ஆக்சில்ல பராமரிப்பே கிடையாது, உயரமும் குறைச்சலா இருக்கும், ஆனா ரப்பர் போச்சுன்னா ஆக்சிலையே மாத்த வேண்டி வரலாம். காயில் ஸ்பிரிங், ட்ரெய்லிங் ஆர்ம், ஷாக் அப்சார்பர் வச்ச இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன்தான் சொகுசு, ஆனா விலையும் எடையும் ஜாஸ்தி, மூட்டுல இருக்கற புஷ்ஷைப் பாத்துக்கிட்டே இருக்கணும். வரி வரியா அலை மாதிரி இருக்கற மண் ரோட்டுல மணிக்கணக்கா போறவங்களா இருந்தா ஷாக் அப்சார்பர் இருக்கறதை எடுங்க, இல்லைன்னா உள்ள இருக்கற ஸ்க்ரூ ஒவ்வொண்ணா கழண்டு தரையில கிடக்கும். மாசத்துக்கு ஒரு வாரக் கடைசி, பாதி வழி தார் ரோடுன்னா நல்ல லீஃப் ஸ்பிரிங்கே தாராளம்.

சக்கரம் உங்க வண்டி சக்கரமாவே இருக்கணும், அதே போல்ட் அமைப்பு, அதே டயர் சைஸ். அப்பதான் எந்த ஸ்பேரும் ரெண்டுக்கும் உதவும். ட்ரெய்லர் சக்கர இடைவெளியும் வண்டியோடது மாதிரியே இருந்தா மணல்ல வண்டி போட்ட தடத்துலயே ஓடும், இழுக்கறது லேசாகும். மணல்ல எறங்கும்போது வண்டி டயர்ல காத்தைக் குறைப்பாங்க, ட்ரெய்லர் டயரை மறந்துடுவாங்க, அப்புறம் ஏன் கலப்பை பிடிச்சு உழற மாதிரி இழுக்குதுன்னு முழிப்பாங்க.

பிரேக்ல ஓவர்ரன் டைப் (ட்ரெய்லர் வண்டியை முன்னாடி தள்ளும்போது தானா பிடிக்கறது) எளிமையானது, வயரிங் தொல்லை இல்ல, ஆனா நீண்ட எறக்கத்துல ட்ரெய்லர் முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கறதால பிரேக்கும் பிடிச்சுக்கிட்டே சூடாகும். எலக்ட்ரிக்னா வண்டியில கன்ட்ரோலர் மாட்டணும், ஆனா பிடி உங்க கையில இருக்கும். எதுவா இருந்தாலும் நிறுத்தற இடத்துல எல்லாம் ஹப்பு (சக்கரத்தோட நடுப் பாகம்) கிட்ட கையைக் கொண்டு போய்ப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் அனலடிச்சா பேரிங் போகப் போகுது இல்ல பிரேக் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரு செட் பேரிங், சீல், கிரீஸ் எப்பவும் கூட இருக்கட்டும்.

மேல் பாகம் எந்த டைப்புங்கறது உங்க பழக்கத்தைப் பொறுத்தது. தினம் ஒரு இடம் மாறறவங்கன்னா டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவம்) மாதிரி கெட்டியான கூண்டு, வந்து நிறுத்தினோமா கதவைத் திறந்தோமா படுத்தோமான்னு இருக்கும். ஒரே இடத்துல நாலு நாள் உக்காரறவங்களுக்கு விரிக்கற டென்ட் டைப்ல இடமும் ஜாஸ்தி, எடையும் கம்மி, ஆனா மழையில நனைஞ்ச கேன்வாஸை மடிச்சு வச்சுட்டு ரெண்டு நாள் மறந்தீங்கன்னா பூஞ்சை பிடிச்சு நாத்தம் எடுத்துடும். கெட்டிக் கூண்டுல பிரச்சனை தூசி. ஓடும்போது பின்பக்கம் காத்தழுத்தம் குறையறதால கதவு இடுக்குல எல்லாம் புழுதியை உள்ள உறிஞ்சும். கதவு ரப்பர் சீல்ல ஒரு பேப்பரை வச்சு கதவை மூடி இழுத்துப் பாருங்க, சுலபமா வந்துடுச்சுன்னா புழுதியும் சுலபமா வரும்.

இனி உள்ள என்ன போடறது. முதல் சில பயணத்துக்கு எதையும் ஃபிக்ஸ் பண்ணாதீங்க, பிளாஸ்டிக் டப்பாவுல சாமானைப் போட்டு பெல்ட்ல கட்டிக்கிட்டுப் போங்க. எது தினமும் கையில வருது, எது டப்பாவை விட்டு வெளியவே வரலைன்னு தெரிஞ்சப்புறம் அலமாரி அடிக்கலாம்.

கரண்ட் கணக்கு மட்டும் முன்னாடியே போட்டுக்கோங்க. 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்ப் வரைக்கும் இழுக்கும், நாள்ல மூணுல ஒரு பங்குல இருந்து பாதி நேரம் வரைக்கும் ஓடும், அப்ப ஒரு நாளைக்கு 30ல இருந்து 45 ஆம்ப் ஹவர். லைட்டு, ஃபேன், போன் எல்லாம் சேத்து ஒரு 10, 15. ஆக சுமார் 50ன்னு வைங்க. 100 ஆம்ப் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சூரியனே இல்லாம ஒண்ணரை நாளுக்கு மேல தாங்கும், எடை 12, 13 கிலோ. அதே அளவு ஏஜிஎம் (ஈய அமில வகை) பேட்டரி 30 கிலோ கிட்ட இருக்கும், பாதிக்கு மேல எறக்கினா ஆயுசு குறையும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழ, அதாவது 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக் கூடாது, பனி பிரதேசம் போறவங்க கவனிச்சுக்கோங்க. சோலார் 100 வாட் பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 25, 30 ஆம்ப் ஹவர் குடுக்கும், அதனால 200 வாட் போட்டா ஈடு கட்டும். கூரையில ஒட்டறதைவிட மடிக்கற பேனல்தான் எனக்குப் பிடிக்கும், ட்ரெய்லரை நிழல்ல விட்டுட்டு பேனலை மட்டும் வெயில்ல போடலாம்.

ஓடும்போது வண்டியில இருந்து சார்ஜ் ஏத்தணும்னா டிசி டூ டிசி சார்ஜர் (வண்டி கரண்டை ட்ரெய்லர் பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தறது) ட்ரெய்லர் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும், வயர் தடியா இருக்கணும். முன் பேட்டரியில இருந்து 8 மீட்டர் தூரம், போக வர 16 மீட்டர், 4 ஸ்கொயர் மில்லி வயர்ல 20 ஆம்ப் ஓடினா 1.4 வோல்ட் கிட்ட வழியிலயே காணாம போயிடும், 12 வோல்ட் சிஸ்டத்துல அது கொள்ளை. 16 ஸ்கொயர் மில்லி போட்டா 0.35க்குள்ள நின்னுடும். ரெண்டு பேட்டரி கிட்டயும் ஃப்யூஸ் கட்டாயம், முடிஞ்ச வரைக்கும் ஒட்டினாப்புல.

கேஸ் சிலிண்டர் வெளிப்பக்கப் பெட்டியில, அடியில ஓட்டையோட இருக்கட்டும், ஏன்னா எல்பிஜி காத்தைவிட கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும். குளிர்ல ப்யூட்டேன் ஆவியாகாது, ப்ரோப்பேன் வேணும். படுக்கற கூண்டுக்குள்ள அடுப்போ கரியோ வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் ஒண்ணு மாட்டிடுங்க. ரெண்டு பேர் மூச்சு விட்டாலே காலையில சுவர்ல தண்ணி வழியும், அதனால குளிரா இருந்தாலும் மேல ஒரு ஃபேன் வழி, கீழ ஒரு வழி திறந்து வைங்க, மெத்தைக்கு அடியிலயும் காத்து போற மாதிரி பட்டி அடிச்சு விடுங்க.

ஒரு சின்ன விஷயம், செலவு கம்மி, ஆனா பெருசா காப்பாத்தும்: ஸ்டோன் கார்ட். வண்டி பின் டயர் தெறிக்கிற கல் ட்ரெய்லர் முகத்துல பட்டு திரும்பி வந்து உங்க பின் கண்ணாடியை உடைக்கும். டிராபார் மேல சாய்வா ஒரு வலையோ துணியோ கட்டிட்டா கல் அங்கயே விழுந்துடும். தண்ணி டேங்க், அதோட குழாய், பிரேக் வயர் இதெல்லாம் அடியில தொங்கிக்கிட்டிருந்தா அதுக்கும் ஒரு தகடு அடிச்சுடுங்க.

செகண்ட் ஹேண்ட்ல பாக்கறீங்கன்னா டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு போய் அடியில படுங்க. டிராபார் மெயின் ஃப்ரேமைத் தொடற மூலை, ஸ்பிரிங் ஹேங்கர் வெல்டு, ஜாக்கி வீல் (நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்கற சின்ன சக்கரம்) கிளாம்ப் சுத்தி, இந்த மூணு இடத்துல மண்ணைத் தேச்சு எடுத்துட்டுப் பாருங்க. பெயின்ட்ல தலைமுடி மாதிரி ஒரு துருக்கோடு தெரிஞ்சா அது வெடிப்பா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அந்த இடத்துல மட்டும் புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க. டயர் ஒரு ஓரமா மட்டும் தேய்ஞ்சிருந்தா ஆக்சில் வளைஞ்சிருக்கலாம். ரெண்டு சக்கரத்தையும் ஜாக்கி வச்சுத் தூக்கி கையால சுத்திப் பாத்துட்டு, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டு, அப்புறமா போய் கிச்சன் டிராயரை இழுத்துப் பாருங்க.